அக்கரைக் கணிப்பொறி, இக்கரைத் திரை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "விடுதி நினைவு, கேன்டீன் நினைவு எல்லாம் நிறைய வந்துவிட்டது, தொழிலைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். நல்லதாய்ப் போயிற்று. இங்கே உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ இருக்கும் கணிப்பொறியை இயக்க வழிசெய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. ரிமோட் டெஸ்க்டாப் என்றால் இளைய மாணவர்களுக்கு உடனே புரியும். மூத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கணிப்பொறி அக்கரையில், திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றும் இக்கரையில். அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "சார், விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனா திரை கறுப்பாவே இருக்கு." "மேக் திரை தெரியுது, ஆனா கிளிக் பண்ணினா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது." எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த பதிப்பு வந்ததும் அந்தக் கட்டம் வேறு இடத்துக்குப் போய்விடும். மாறாக, ஒவ்வொரு மென்பொருளும் எந்தத் தேவைக்காகப் பிறந்தது, கம்பி வழியே எதை அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டால், கோளாறு எங்கே என்பது பாதி விளங்கிவிடும். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் ஒரு செயல்விளக்கம் காட்டினார். பொதுமக்கள் முன் மவுஸ் அரங்கேறியது அன்றுதான். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் இயக்கிய கணிப்பொறி அந்த மேடையில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அவருடைய கை அசைவு தொலைபேசிக் கம்பியில் போயிற்று. திரைப்படம் மைக்ரோவேவ் அலையில் வந்தது. நம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அதுதான் மூத்த தாத்தா.

அடுத்த கட்டம் மாஸசூசெட்ஸின் எம்.ஐ.டி. அங்கே 1983-ல் அதீனா என்ற திட்டம் தொடங்கியது. பல கம்பெனிகளின் கணிப்பொறிகள் வளாகமெங்கும் வந்திறங்கின. ஒன்றில் எழுதிய நிரல் இன்னொன்றின் திரையில் தெரிய வேண்டும். இதற்காக பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் 1984-ல் உருவாக்கியதுதான் எக்ஸ் விண்டோ சிஸ்டம். அதற்கு முன் ஸ்டான்ஃபோர்டில் 'டபிள்யூ' என்று ஒன்று இருந்தது. ஆங்கில அரிச்சுவடியில் அதற்கு அடுத்த எழுத்தைப் பெயராக வைத்துவிட்டார்கள்! 1987-ல் அதன் 11-ஆம் பதிப்பு வந்தது. அந்த 11 இன்று வரை மாறவில்லை.

எக்ஸ் அனுப்புவது படம் அல்ல, கட்டளை: "இங்கே ஒரு கோடு போடு, அங்கே இந்த எழுத்தை எழுது." போடுகிற வேலை உங்கள் முன்னால் இருக்கும் இயந்திரத்துக்கு. அதனால் எக்ஸ் உலகில் நாம் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் 'சர்வர்'. தூரத்து நிரல் 'கிளையண்ட்'. புதிதாகப் படிப்பவர்கள் இதில் தலைசுற்றிப் போவார்கள். வெவ்வேறு கணிப்பொறிகள் எண்களின் பைட்டுகளை வெவ்வேறு வரிசையில் வைத்திருந்தன. சில பெரிய முனையிலிருந்து, சில சிறிய முனையிலிருந்து. அதனால் இணைப்பு தொடங்கும்போது கிளையண்ட் அனுப்பும் முதல் பைட்டே, தான் எந்த ஜாதி என்று சொல்லிவிடும். வேறு வேறு இயந்திரங்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்ற கவலை அந்த முதல் பைட்டிலேயே இருக்கிறது.

விண்டோஸின் கதை வேறு. ஒரு மேஜை, ஒரு ஆள், ஒரு திரை என்ற எண்ணத்தில் வளர்ந்தது அது. ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./2 பணியில் இருந்த எட் இயாகோபுச்சி 1989-ல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே விண்டோஸ் என்.டி. இயந்திரத்தில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழிசெய்யும் வின்ஃப்ரேம் 1995-ல் வந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் 1997-ல் உரிமம் பெற்று, 1998-ல் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. அதோடு பிறந்ததுதான் ஆர்.டி.பி. இது கட்டளையும் அனுப்பும், படத்துண்டும் அனுப்பும். ஆள் உள்ளே வந்தால் தனக்கென்று ஓர் அமர்வைக் கேட்கும். அதனால்தான் சாதாரண விண்டோஸ் கணிப்பொறிக்கு நீங்கள் தூரத்திலிருந்து நுழைந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்கிறது. அது கோளாறு இல்லை, பிறவிக் குணம்.

மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்த கதை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருந்தது. அங்கே செய்த சோதனைகளிலிருந்து வி.என்.சி. பிறந்தது. ரிச்சர்ட்சன், ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், வுட், ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். இந்த ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் யார் தெரியுமோ? அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில், காபி தீர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க 1991-ல் காபிப் பாத்திரத்துக்குக் கேமரா வைத்தார்களே, அந்த வேலையில் பங்குகொண்டவர்.

வி.என்.சி.யின் யோசனை மிக எளிது. கோடும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம்; "இந்தச் செவ்வகத்தில் இந்தப் புள்ளிகளை வை", அவ்வளவே. புள்ளி எல்லாத் திரைக்கும் பொது என்பதால் எந்த இயங்குதளத்திலும் ஓடியது. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் போகாத வீடு கிடையாது.

இப்போது கோளாறுகளுக்கு வருவோம்.

கறுப்புத் திரை: லினக்ஸில் பல இடங்களில் எக்ஸின் இடத்தை வேலண்ட் பிடித்துவிட்டது. 2008-ல் தொடங்கிய இது, ஒரு நிரல் இன்னொன்றின் ஜன்னலை எட்டிப் பார்க்க விடாது. எக்ஸின் திரையைப் படிக்கும் பழைய வி.என்.சி. சர்வருக்கு அங்கே இருட்டுதான் மிஞ்சும். வேலண்டுக்கென்று எழுதியதைப் போடுங்கள். க்நோம் மேஜைத்தளத்திலேயே ஆர்.டி.பி. வசதி இருக்கிறது. எக்ஸ்ஆர்டிபி வழியாகப் போகிறவர்கள், அதே பயனர் பெயரில் நேர்த்திரையில் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அங்கே வெளியேறிவிட்டு வரவும். மேக்கில் 2019-ன் கேட்டலினா பதிப்பு முதல், வெளியார் மென்பொருளுக்குத் திரையைப் பார்க்க ஓர் அனுமதி, மவுஸை அசைக்க இன்னோர் அனுமதி. முன்னது மட்டும் இருந்தால் பார்க்கலாம், தொட முடியாது.

கீபோர்டு குழப்பம்: ஆர்.டி.பி. பொதுவாக எந்தச் சாவி அழுத்தப்பட்டது என்று அதன் இடத்தைச் சொல்லும். வி.என்.சி. எந்த எழுத்து என்று சொல்லும். தமிழ்99-ல் தட்டெழுதுகிறவர்கள் ஆர்.டி.பி.யில் போனால், தமிழ் விசைப்பலகை அக்கரைக் கணிப்பொறியில் இருக்க வேண்டும்.

இணைப்பே கிடைக்கவில்லையா? உடனே மறுப்பு வந்தால், ஆள் வீட்டில் இருக்கிறார், அந்தக் கதவில் காது கொடுப்பவர் இல்லை என்று பொருள். சேவை ஓடுகிறதா பாருங்கள். ரொம்ப நேரம் மௌனமாக இருந்து காலாவதியானால், இயந்திரம் அணைந்திருக்கும் அல்லது நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கும். ஆர்.டி.பி.யின் கதவு 3389, வி.என்.சி.க்கு 5900, எக்ஸுக்கு 6000.

இந்தக் கதவுகளை நேரே இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வி.என்.சி. பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்தைத்தான் பார்த்தது. அதன் பிறகு போகிற வருகிற எதையும் மறைக்கவில்லை. 2019 மே மாதம் ஆர்.டி.பி.யில் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது, 2014-லேயே ஆதரவு நின்றுபோன எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தைப் புரிந்துகொள்ளலாம். 1995-ல் டாட்டு யுலோனென் எழுதிய எஸ்.எஸ்.எச். சுரங்கம் வழியாகவோ, வி.பி.என். வழியாகவோ போவதுதான் முறை.

முடிக்குமுன், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் 1999-ல் ஏ.டி.&டி. கைக்குப் போய், 2002-ல் மூடப்பட்டது. பொதுவாக இப்படி மூடினால் உள்ளே நடந்த வேலையும் அதோடு போகும். வி.என்.சி. போகவில்லை. மூலநிரலை ஜி.பி.எல். உரிமத்தில் ஊருக்கே கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துப் பலர் வளர்த்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் சிலரே அதே ஆண்டில் ரியல்வி.என்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011-ல் அதன் நெறிமுறை ஆர்.எஃப்.சி. 6143 என்ற ஆவணமாகவும் வெளிவந்தது.

நம் துறை அலமாரியில் கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்து அச்சிட்டு எத்தனை இறுதியாண்டு பிராஜெக்டுகள் தூங்குகின்றன! வைவா முடிந்த மறுநாள் அதை யாரும் திறப்பதில்லை. உங்களுடையதை அப்படி விட்டுவிடாதீர்கள். மூலநிரலை வெளியிடுங்கள்; அது என்ன பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்று நாலு பக்கம் தெளிவாக எழுதி வையுங்கள். நீங்கள் இருக்கும் இடம் நாளைக்கு இருக்கும், இல்லாமலும் போகும். எழுதி வைத்ததை வேறொரு ஊரில் எவரோ எடுத்து ஓட்டிக்கொண்டிருப்பார்.