மெட்டு ஏறிய எஞ்சினும் ஆயில் கூலரும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் நம் கல்லூரியில் படித்தது வரலாறு. பிழைப்போ போடியில் அப்பா விட்டுச்சென்ற ஒர்க்‌ஷாப். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் மலையில் சரக்கு ஏற்றி இறக்குவது எந்தக் காலத்திலும் லேசான காரியம் இல்லை. மூணாறு பக்கத்துத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-இல் வந்தது. சுதந்திரத்தை ஒட்டி மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அதன்பின் ஏலக்காட்டுக்கு ஜீப்பே கதியானது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற வேண்டிய உயரம் சுமார் ஆயிரம் மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. லோடு வண்டி முதல் கியர், ரெண்டாம் கியரில்தான் ஏறும். எஞ்சின் முழு வேலை செய்யும். ஆனால் வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று கிடைக்காது. தண்ணி கொதிப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். உள்ளே ஆயில் காய்ந்து நீர்த்துப்போவதை யார் பார்ப்பது? ஆயில் நீர்த்தால் பிரஷர் விழும், பிரஷர் விழுந்தால் பேரிங் போகும். பழைய ஜீப்பில் ஆயில் கூலர் கிடையாது. சம்ப்பில் படும் காற்றுதான் அதற்கு விசிறி.

1990-களில் சில வருஷம் வளைகுடாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். அங்கேதான் போர்ஷே என்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டேன். நம் லாரிக்கு நேர் எதிர் ஜாதி. வேகத்தால் சூடாகிற வண்டி. 1964-இல் தயாரிப்புக்கு வந்த அவர்களுடைய 911-க்கு ரேடியேட்டரே இல்லை. காற்றும் ஆயிலும்தான் எஞ்சினை ஆற்றின. 1969 மாடல் 911 எஸ் காரில் முன் மட்கார்டுக்குள் இன்னொரு கூலரும் வைத்தார்கள். 1982-இல் தண்ணியால் ஆறும் 944 வந்தது. அதில் டர்போ இல்லாத எஞ்சினில் கூலரைப் பிளாக்கின் பக்கவாட்டிலேயே பொருத்தி, சுற்றித் தண்ணி ஓடவிட்டார்கள். இடம் மிச்சம். ஆனால் ஆயிலுக்கும் தண்ணிக்கும் நடுவே நிற்பது மெல்லிய உலோகமும் சில ரப்பர் சீல்களும்தான். வருஷம் ஆக ஆக ரப்பர் இறுகும், பிறகு வழி விடும்.

அப்போது தண்ணி டப்பாவைத் திறந்தால் பால் டீ மாதிரிக் குழம்பு நிற்கும். பார்த்தவுடனே "ஹெட் கேஸ்கட் போச்சு" என்பார்கள். அங்கிருந்த சீனியர் மெக்கானிக் என்னிடம், "தம்பி, மொதல்ல டிப்ஸ்டிக்கைப் பாரு" என்பார். ஓடும்போது ஆயில் பிரஷர் நாலு, அஞ்சு பார் வரை இருக்கும். தண்ணி பிரஷர் ஒன்றரை பாரைத் தாண்டாது. ஆகவே கூலர் விட்டால் ஆயில்தான் தண்ணிக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எஞ்சினை நிறுத்திய பின் ஆயில் பிரஷர் பூஜ்யம், சூட்டில் தண்ணி பிரஷர் நிற்கும். ஓட்டை பெரிசானால் அந்நேரம் தண்ணியும் ஆயிலுக்குள் இறங்கிவிடும். அதுவரை விட்டால் பேரிங்குக்குச் சங்குதான்.

ஊர் திரும்பியபோது இதே வியாதி இங்கே காத்திருந்தது. டர்போ எஞ்சின் லாரிகளில் ஆயில் கூலர் வந்துவிட்டதே! ஏலக்காய் சீசன் நேரம், பூப்பாறைக்கு லோடு அடிக்கும் ஒருவர் கடன் வாங்கி வாங்கிய ஒற்றை லாரியோடு வந்தார். ரேடியேட்டர் நிறைய ஆயில். வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸிங் பண்ணி, புது கேஸ்கட் போட்டும் பத்தே நாளில் பழைய கதை. "இன்னொரு தடவை ஹெட்டைக் கழட்டணும்னு சொல்றாங்கண்ணே. வண்டியையே வித்துரலாமான்னு இருக்கு" என்றார்.

ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. அதில் ஆயில் துவாரத்துக்கும் தண்ணி துவாரத்துக்கும் நடுவே விட்டாலும் இப்படித்தான் கலக்கும். ஆனால் ஹெட்டைக் கழற்றுவது பெரிய வேலை, கூலரைக் கழற்றுவது சின்ன வேலை. சின்ன வேலையை முதலில் செய்து பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தோம். புகைக் குமிழி வரவில்லை. டிப்ஸ்டிக்கும் சுத்தம். கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்று ஏற்றி, சுடுதண்ணி டிரம்மில் அமுக்கினோம். பஞ்சர் கடை வித்தைதான். பச்சைத் தண்ணியில் மூடிக்கொள்ளும் கீறல் சுடுதண்ணியில் வாய் திறக்கும். குமிழி வரிசையாக வந்தது. கூலரை மாற்றி, ஆயில் பட்டு ஊறிய ஹோஸ்களை மாற்றி, தண்ணிப் பாதையை நாலு தடவை கழுவினோம். லாரி பிழைத்தது. அந்த சீசனையும் அவர் விடவில்லை.

ஆட்டோமொபைல் பக்கம் போகும் மாணவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி. பேரிங் கட் ஆன எஞ்சினின் கூலரைப் புது எஞ்சினில் மாட்டாதீர்கள். உள்ளே தங்கிய உலோகத் துகள் புதுப் பேரிங்கையும் தின்றுவிடும். காற்றால் ஆறும் கூலர் என்றால், அதன் இடுக்குகளில் அடையும் சேற்றையும் சருகையும் மெட்டு ஏறும் முன் தட்டிவிடுங்கள்.

வேகத்துக்காகப் பிறந்த காரும் பாரத்துக்காகப் பிறந்த லாரியும் ஒரே சின்னப் பொருளால் படுக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கும் முறையும் ஒன்றே. ஓட்டையான கூலர் ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.