அறுவர் புறப்பட்டனர்

1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் துவிச்சக்கர வண்டிகளில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். ஒரே பளுதூக்குங் கழகத்து நண்பர்கள் அவர்கள். பலுசிஸ்தானம், பாரசீகம், மெசப்பொத்தேமியா என நீண்டது வழி. பாலை மணலில் சில்லுப் புதைந்தால், ஏறிச் செல்லவேண்டிய வண்டியை இறங்கித் தள்ளவேண்டும். குடிநீரையும் அளந்தே பருகவேண்டும்.

தெகரானில் ஒருவர் விடைபெற்றுத் திரும்பினார். பின்னர் ஒருவர் அமெரிக்காவிலே தங்கிவிட்டார். மற்றொருவர் மனந்தளர்ந்து ஊர் மீண்டார். இவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆயினும், பம்பாயிலிருந்து தெகரான் வரை மிதித்துச் சென்றதே சிறு செயலன்று.

எஞ்சிய அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவரும் ஏறத்தாழ 44,000 மைல் கடந்து, 1928 மார்ச் 18இல் பம்பாயை அடைந்தனர். பயண வரலாற்றையும் மூவரும் சேர்ந்தே எழுதினர். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் ஜவகர்லால் நேரு.