நொதித்தல் கார்பனீராக்சைடு மீட்பு

நொதித்தல் கார்பனீராக்சைடு மீட்பு என்பது சாராயம், பீர், சாண எரிவாயு முதலியவற்றை உண்டாக்கும் ஆலைகளில் நுண்ணுயிர்களின் செயலால் வெளிப்படும் கார்பனீராக்சைடைக் காற்றில் கலக்க விடாது பிடித்து, தூய்மைப்படுத்தி, விற்பனைக்குரிய பொருளாக மாற்றும் தொழில்முறை ஆகும். இவ்வளிமம் தமிழ்நாட்டில் கரியமில வாயு என்றும் கார்பன் டை ஆக்சைடு என்றும், இலங்கையில் காபனீரொட்சைட்டு என்றும் வழங்கப்படுகிறது. கரும்பும் பிற பயிர்களும் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பனே இதில் திரும்ப வெளிவருவதால், நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றிலிருந்து வரும் கார்பனீராக்சைடிலிருந்து இது வேறுபடுத்திக் கூறப்படுகிறது.

வரலாறு

இத்தொழிலின் தொடக்கம் ஒரு பீர் ஆலையில் உள்ளது. 1767 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லீட்சு நகரில் பீர் ஆலை ஒன்றின் அருகே வசித்த யோசப்பு பிரீசிட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தங்கி நின்ற வளிமத்தை நீரில் கரைத்துப் பார்த்தார். அந்நீர் இனிய புளிப்புச் சுவை பெற்றது. 1772 இல் அவர் இம்முறையை நூலாக வெளியிட்டார். அதனைக் கொண்டு அவர் பொருள் ஈட்டவில்லை. 1783 இல் செனீவாவில் யோகான் சேக்கப்பு சுவெப்பு என்பவரே அதனை வணிகமாக்கினார். தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் இன்றும் கிடைக்கும் கோலி சோடாவும் இந்த வழியில் வந்ததே.

வேதியியல்

ஈஸ்ட் எனப்படும் நொதியம் சர்க்கரையைச் சாராயமாகவும் கார்பனீராக்சைடாகவும் பிரிக்கிறது. 180 கிராம் குளுக்கோசிலிருந்து கோட்பாட்டளவில் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பனீராக்சைடும் கிடைக்கும். அதாவது சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ பாதி, விலைபோகும் சாராயமாகாமல் வளிமமாகப் போய்விடுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறக்குறைய 0.75 கிலோகிராம் என்று கணக்கிடலாம். நாளொன்றுக்கு 60,000 லிட்டர் உற்பத்தி செய்யும் வடிப்பாலையின் நொதிகலன்களிலிருந்து சுமார் 45 டன் கார்பனீராக்சைடு வெளியேறும். நொதித்தலின் தொடக்கத்தில் காற்றுக் கலந்து வருவதை விட்டுவிட நேர்வதால் இதில் ஒரு பகுதியே மீட்கத்தக்கது.

இவ்வளிமத்தின் சிறப்பு அதன் தூய்மை. நொதித்தல் முழு வேகத்தில் நடக்கும்போது நீராவியை நீக்கிப் பார்த்தால் இதில் பெரும்பாலும் கார்பனீராக்சைடே இருக்கும். நிலக்கரிக் கொதிகலனின் புகையிலோ அது 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே. மற்றவை பெரும்பாலும் நைதரசன். புகையிலிருந்து அதனைப் பிரிக்க அமைன் போன்ற கரைப்பான்களும், அக்கரைப்பானைச் சூடாக்க நீராவியும் தேவை. செலவின் பெரும்பகுதி அங்கேயே போகிறது. நொதிகலனில் அந்தப் படி தேவைப்படுவதில்லை.

செய்முறை

வெளிவரும் வளிமம் முதலில் நீரால் கழுவப்படுகிறது. அதில் ஒட்டிவந்த சிறிதளவு சாராயம் நீரில் கரைந்து மீண்டும் ஆலைக்கே கிடைக்கிறது. பின்னர் கிளர்வுற்ற கரி கொண்டு நாற்றமும் கந்தகச் சேர்மங்களும் நீக்கப்படுகின்றன, ஈரம் உலர்த்தப்படுகிறது. 15 முதல் 20 வளிமண்டல அழுத்தத்தில் குளிரூட்டி நீர்மமாக்கி, தொட்டிகளில் சேமிக்கின்றனர். குடிபானங்களுக்கான வளிமம் 99.9 விழுக்காடு தூய்மையாக இருத்தல் வேண்டும். அந்த அளவைவிட மணமே பெரும் தொல்லை தருவதாகும். மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மம் எஞ்சினாலும் சோடாவில் அழுகல் வாடை தெரியும்.

கார்பனீராக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே தொட்டிகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நின்று, இறங்குவோரை மூச்சடைக்கச் செய்யும். வளிமத்தை அளந்து பார்க்காமல் நொதிகலனுள் இறங்குதல் உயிருக்கு ஆபத்தானது.

விற்பனைப் பொருட்கள்

குடிபானங்கள், உணவுப் பொதியிடல், பற்றவைப்பு, தீயணைப்பான் ஆகியவை வழக்கமான சந்தைகள். நீர்மத்தைத் திடீரென விரிவடையச் செய்தால் வெண்பனி போல உறையும்; அதனை அழுத்திக் கட்டியாக்கியதே −78.5 பாகை செல்சியசில் நேரடியாக ஆவியாகும் உலர் பனிக்கட்டி. மீன், பனிக்கூழ், மருந்து ஆகியவற்றை அனுப்ப இது பயன்படுகிறது. காகித ஆலைகளை ஒட்டி, சுண்ணாம்புப் பாலில் கொதிகலன் புகையைச் செலுத்திக் கால்சியம் கார்பனேட்டு செய்யும் ஆலைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து உலகின் பல இடங்களில் உள்ளன. இது இலாபம் தருவது உண்மை. ஆனால் சுண்ணாம்பைச் சுடும்போதே ஈடான அளவு கார்பனீராக்சைடு வெளியேறிவிடுவதால் காற்றுக்கு இதனால் நன்மை இல்லை.

இச்சந்தை பிற தொழில்களின் போக்கைச் சார்ந்தது. வணிகக் கார்பனீராக்சைடில் பெரும்பங்கு அம்மோனியா ஆலைகளின் துணைவிளைபொருளாக வருகிறது. 2018 கோடையில் ஐரோப்பாவில் அவ்வாலைகள் பல ஒரே காலத்தில் நிறுத்தப்பட்டபோது பிரித்தானியாவில் பீருக்கும் குடிபானங்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2020 இல் பெருந்தொற்றால் அமெரிக்காவில் பெட்ரோல் விற்பனை குறைய, எத்தனால் ஆலைகள் மூடப்பட்டு அங்கும் இதே நிலை உண்டானது.

தூத்துக்குடி எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட கார்பனீராக்சைடு மீட்பு ஆலை உயிர்சார் தொழிலைச் சேர்ந்ததன்று. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனத்தில் 2016 இல் தொடங்கப்பட்ட அவ்வாலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கார்பனீராக்சைடைப் பிரித்துச் சோடா சாம்பல் செய்வதற்கு அளிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. கரைப்பான் தொழில்நுட்பம் கார்பன் கிளீன் சொல்யூசன்ஸ் என்ற நிறுவனத்துடையது. அரசு மானியம் இன்றி அமைந்ததாலேயே இது உலகச் செய்தியானது. வளிமம் தேவைப்படும் ஆலையும் அதை வெளிவிடும் கொதிகலனும் ஒரே வளாகத்தில் இருந்தமை இதன் அடிப்படை வசதி. நீர்மமாக்கவும் சுமையுந்தில் ஏற்றவும் செலவு இல்லை.

கந்தர்வக்கோட்டை வட்டாரம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் முந்திரி, நிலக்கடலை ஆகியவற்றுடன் கரும்பும் பயிராகிறது. தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் இதற்கு வடக்கே, தஞ்சாவூர் மாவட்டக் குருங்குளத்தில், தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை உள்ளது. இத்தகைய கரும்பு வட்டாரம் ஒன்றில் மீட்கத்தக்க அளவு எவ்வளவு என்பதைப் பொதுவான விகிதங்களால் அறியலாம். 1,000 டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 45 டன் கழிவுப்பாகு கிடைக்கும். அதிலிருந்து சுமார் 10,000 லிட்டர் எத்தனாலும் ஏழரை டன் கார்பனீராக்சைடும் வரும். அதே கரும்பின் சக்கை 300 டன். அதனைக் கொதிகலனில் எரித்தால் வெளிப்படுவது ஏறக்குறைய 250 டன். ஆக, எளிதில் பிடிக்கக்கூடியது மிகச் சிறிய பங்கு. முப்பது மடங்குக்கும் மேலான மீதி, புகையாகக் கலந்து செல்கிறது.

மேலும், கழிவுப்பாகு வடிப்பாலை உள்ள ஊருக்கு அனுப்பப்படும்போது கார்பனீராக்சைடும் அங்கேயே வெளிப்படும். வயலுக்கு அருகில் அன்று. அரைவைப் பருவம் முடிந்தபின் கழிவுப்பாகு இருப்பைக் கொண்டே வடிப்பாலை இயங்க வேண்டும். அது தீர்ந்தால் மீட்பு நிலையமும் நிற்கும். சோடா விற்பனை மிகும் கோடையில் அது ஓடுகிறதா என்பதே முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி.

சுற்றுச்சூழல் மதிப்பீடு

சோடாவில் அடைத்த கார்பனீராக்சைடு புட்டியைத் திறந்தவுடன் காற்றுக்குத் திரும்பிவிடும். ஆகவே இதனைக் கார்பன் சேமிப்பு எனக் கூறுவது பொருந்தாது. இயற்கை எரிவாயுவிலிருந்து வரும் வளிமத்துக்குப் பதிலாக இது வாங்கப்பட்டு, அதனால் அங்கு உற்பத்தி உண்மையிலேயே குறைந்தால் மட்டுமே பயன் உண்டு. நிலையான சேமிப்புக்கு நிலத்தடியே வழி. அமெரிக்காவின் டிகேட்டரில் எத்தனால் ஆலையின் வளிமம் 2011 முதல் 2014 வரை சுமார் 10 இலட்சம் டன் அளவில் ஆழ்பாறைகளுள் செலுத்தப்பட்டது. ஆனால் அதில் விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை.

வருவாய்ப் பங்கீடு

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் திட்டம் 2003 இல் 5 விழுக்காட்டை நோக்கித் தொடங்கி, 2025 இல் 20 விழுக்காட்டை எட்டியது. வடிப்பாலைகள் பெருகப் பெருக இவ்வளிமமும் பெருகுகிறது. 2012 இல் ரங்கராஜன் குழு, சர்க்கரை மற்றும் துணைப்பொருட்களின் மதிப்பில் 70 விழுக்காட்டைக் கரும்பு உழவர்க்கு வழங்கப் பரிந்துரைத்தது. வருவாய்ப் பங்கீட்டு முறைக்காகத் தமிழ்நாட்டில் 2018 இல் சட்டம் இயற்றப்பட்டது. குழு கணக்கில் கொண்ட துணைப்பொருட்கள் சக்கை, கழிவுப்பாகு, வடிகட்டிச் சேறு ஆகிய மூன்று. கழிவுப்பாகு நொதித்தபின் பிறக்கும் கார்பனீராக்சைடு அப்பட்டியலில் இல்லை.