கூப்பிய கை பிறந்த கதை

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் முடவாட்டுக்கால் கிழங்கைக் குவித்து வைத்து விற்பார்கள். பார்த்தால் ஆட்டுக்கால்தான். பழுப்பு ரோமம்கூட உண்டு. தோலைச் சீவினால் உள்ளே வெளிர் பச்சை. பாறையில் ஒட்டி வளரும் பெரணியின் கிழங்கு அது. விலங்கு போலத் தெரிகிற செடி.

செடி என்று விற்கப்பட்ட விலங்கும் ஒன்று உண்டு. இதே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த ஒன்றில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறாரே, அந்த உடும்புதான்.

வட இந்தியாவில் 'ஹத்தா ஜோடி' என்றொரு பொருள். இரு கைகளைக் கூப்பியது போன்ற சின்ன, காய்ந்த, கருத்த துண்டு. செந்தூரம் தூவி டப்பியில் வைத்தால் செல்வம் சேரும், வழக்கு ஜெயிக்கும் என்பார்கள். நேபாளத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கிடைக்கும் அபூர்வ வேர் என்று சொல்லி, இணையத்திலும் விற்றார்கள். எந்தச் செடியின் வேர்? புலிநகச் செடியாம். மெக்சிகோவிலிருந்து வந்து நம் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் செடி அது. இளஞ்சிவப்பில் மணி மணியாகப் பூக்கும். முற்றிய காயின் நுனியில் இரண்டு கொக்கிகள் நிற்கும். ஜோடி அந்தக் காயில்தான். வேரில் கூப்பிய கை எதுவும் கிடையாது.

2017இல் உலக விலங்குப் பாதுகாப்பு அமைப்பும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். மான்செஸ்டரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் சோதித்தபோது, சில துண்டுகள் வெறும் பிளாஸ்டிக் வார்ப்பு. மற்றவை ஆண் உடும்பின் குறி. பல்லி, பாம்பு இனங்களில் ஆணுக்கு அது இரட்டையாக இருக்கும். காய்ந்தால் இரண்டு கை. அதற்காக ஓர் உடும்பு சாக வேண்டும்.

வேர் என்ற ஒரு சொல்தான் இந்த வியாபாரத்தையே தாங்கி நின்றது. வேர் என்றால் வாங்குகிறவருக்குக் கை கூசாது. பூஜை அறையில் வைக்க மனம் தடுக்காது. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள் இதற்குப் பூப்போட்டுக் கும்பிட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்புக்கும் தருகிறது. டப்பியில் இருப்பது உடும்பு என்று தெரியாவிட்டால் அந்தச் சட்டத்தை யார் நினைக்கப்போகிறார்கள்?

புலிநகம் மழைக்குப் பிறகு சாலையோரத்திலேயே பூத்து நிற்கும். யாரும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கலாம்.