சேர்வராயன் மலையும் விமானக் கரிம ஈடுகட்டலும்

கரிம ஈடுகட்டல் என்பது ஓரிடத்தில் வெளியாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக, வேறோர் இடத்தில் அதே அளவு வாயுவைக் குறைக்கவோ உறிஞ்சவோ பணம் செலுத்தும் முறையாகும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மரம் வளர்த்து இதை ஈடுகட்டலாம் என்பது பரவலான கருத்து. அதிலுள்ள சிக்கல்களுக்குச் சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலை நல்ல எடுத்துக்காட்டாகும்.

மலையும் மரங்களும்

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பிப் பயிர் அறிமுகமானது. காப்பிச் செடிக்கு நிழல் தேவை என்பதால், தோட்டங்களில் சில்வர் ஓக் முதலிய மரங்கள் வளர்க்கப்பட்டன. அவற்றில் மிளகுக் கொடியும் ஏற்றப்பட்டது. மறுபுறம், மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையில் பாக்சைட் வெட்டப்பட்டதால் சில பகுதிகள் மரங்களை இழந்தன.

விமானப் போக்குவரத்து

மலையடிவாரத்தை ஒட்டிய ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் அமைந்துள்ளது. நெடுங்காலம் பயணிகள் சேவையின்றிக் கிடந்த இந்நிலையத்திலிருந்து, உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25 அன்று சென்னைக்கு விமானம் இயக்கப்பட்டது. பின்னர் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

பன்னாட்டு விதிகள்

பன்னாட்டுக் குடிசார் வானூர்தி அமைப்பு 2016இல் 'கோர்சியா' திட்டத்தை ஏற்றது. 2021 முதல் 2026 வரை இதில் சேர்வது நாடுகளின் விருப்பம். 2027இல் தொடங்கும் கட்டாயக் கட்டத்தில் இந்தியாவும் அடங்கும். ஆனால் இத்திட்டம் பன்னாட்டுப் பறப்புகளுக்கு மட்டுமே உரியது. எனவே சேலம்–சென்னை போன்ற உள்நாட்டுப் பறப்புகளின் புகை இக்கணக்கில் வராது.

மலையின் பழைய நிழல் மரங்களும் இதில் சேரா. 2016 சனவரி 1க்குப் பின் தொடங்கிய திட்டங்களின் வரவுகளே ஏற்கப்படுகின்றன. ஈட்டுப்பணம் இல்லாவிட்டாலும் வளர்ந்திருக்கும் மரத்தை ஈடாகக் காட்ட முடியாது என்பது அடிப்படை விதி. இதனால், தலைமுறைகளாக மரம் காத்த தோட்டத்துக்குப் பலன் இல்லை. வெட்டவெளியில் புதிதாக நடுபவருக்கே வாய்ப்பு உண்டு.

நிலைத்தன்மை

நட்ட மரம் நிலைப்பதும் உறுதியன்று. கோல்ட்பிளே இசைக்குழு 2002இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் மாசுக்கு ஈடாகக் கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகளுக்குப் பணம் அளித்தது. அவற்றில் பல நீரின்றிக் காய்ந்த செய்தி 2006இல் வெளியானது. கோடையில் காட்டுத்தீ பரவும் சேர்வராயன் மலைக்கும் இந்த இடர் பொருந்தும். விமானப் புகை உடனே காற்றில் கலக்கிறது. மரம் அதை உறிஞ்சப் பல ஆண்டுகள் ஆகின்றன, மரம் எரிந்தால் சில மணி நேரத்தில் அது திரும்பிவிடுகிறது.