பகலில் ஒரு முறை: போர் காட் இருப்புப்பாதையின் வரலாறு

பிழைப்பை நாடி மும்பை மாநகருக்கு வந்து குடியேறிய தமிழர் பலருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்ல இரவில் வண்டி ஏறுகிறோம். மூட்டை முடிச்சுகளை இருக்கைக்கு அடியில் தள்ளி, கட்டுச் சோற்றை உண்டு முடித்து, கல்யாண் நிலையம் கடப்பதற்குள் கண் அயர்ந்து விடுகிறோம். நள்ளிரவில் ஏதோ ஒரு நிலையத்தில் வண்டி நிற்கிறது. சற்று நேரத்தில் பின்புறத்திலிருந்து மடாரென்று ஓர் இடி. மேல் தட்டில் உறங்கும் பிள்ளை விழித்துக்கொண்டு, "என்னப்பா அது?" என்று கேட்கிறது. "ஒன்றுமில்லை, எஞ்சின் மாற்றுகிறார்கள், தூங்கு" என்கிறோம். மறுநாள் கண் விழிக்கும்போது சோலாப்பூர் வந்திருக்கும். இடையில் மேற்குத் தொடர்ச்சி மலையையே ஏறிக் கடந்தோம் என்ற நினைவு நமக்கு இருப்பதில்லை.

நாமும் அவ்வாறு உறங்கியவரே. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இந்நகருக்கு மாற்றலாகி வந்த நாள் தொட்டு, எத்தனையோ முறை அந்த இடியைக் கேட்டுப் புரண்டு படுத்திருக்கிறோம். இத்தனைக்கும் இளமை முதலே ரயில் வண்டி என்றால் நமக்கு ஒரு பித்து உண்டு. நண்பர்கள் திரைப்படத்துக்குச் செல்லும் நாளில், பாலத்தடியில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நாம். அத்தகைய நாமே இம்மலைப் பாதையைப் பகல் வெளிச்சத்தில் கண்டதில்லை என்பதை உணர்ந்தபோது சற்று வெட்கமாயிருந்தது. ஆகவே சென்ற ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினோம். செல்லவேண்டிய ஊர் என்று எதுவும் இல்லை. வண்டியில் செல்வதே அன்றைய வேலை.

விடியற்காலையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் கோபோலிக்குச் செல்லும் உள்ளூர் மின் வண்டியில் ஏறினோம். விக்டோரியா முனையம் என்று முன்னர் வழங்கிய இம்மாளிகை 1878-இல் தொடங்கப்பெற்றுப் பத்தாண்டுக் காலத்தில் எழுந்தது. அதற்கு முன் இவ்விடத்தை ஒட்டி போரி பந்தர் என்ற எளிய நிலையம் இருந்தது. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிற்பகலில், இந்தியாவின் முதற் பயணி வண்டி புறப்பட்டது அங்கிருந்துதான். 14 பெட்டிகள், ஏறத்தாழ 400 விருந்தினர், இழுத்துச் செல்லச் சாஹிப், சிந்து, சுல்தான் என்று பெயரிட்ட மூன்று நீராவி எஞ்சின்கள். 21 குண்டுகள் முழங்க, 21 மைல் தொலைவிலுள்ள தாணாவுக்கு அவ்வண்டி சென்றது.

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற ஆங்கிலக் கம்பெனி அப்பாதையை அமைத்தது. அம்முயற்சிக்கு நகரத்தில் ஆதரவு திரட்டியோருள் ஜகந்நாத் சங்கர்சேட், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற இந்தியப் பெருமக்களும் இருந்தனர். வணிகர்களின் நோக்கம் தாணாவோடு நிற்கவில்லை. தக்காணப் பீடபூமியில் விளையும் பருத்தி துறைமுகத்துக்கு இறங்கி வரவேண்டும். மாட்டு வண்டியிலும் பொதி மாடுகளிலும் மலையிறங்கி வந்த பருத்தி, வழியில் மழைக்கும் புழுதிக்கும் இரையாயிற்று. கடற்கரைக்கும் பீடபூமிக்கும் இடையே மதில் போல் நின்றது சஹ்யாத்திரி மலை.

இக்கதையை அசை போட்டவாறே சென்றோம். கல்யாண் நிலையத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வடகிழக்கே செல்வது கசாரா வழியாகத் தல் காட் ஏறி நாசிக் நோக்கிச் செல்கிறது. தென்கிழக்கே செல்வது கர்ஜத் வழியாகப் போர் காட் ஏறிப் புணே செல்கிறது. இப்பெயரில் உள்ள 'போர்' நம் தமிழ்ச் சொல் அன்று, மராட்டியப் பெயர். ஆயினும் அங்கு நடந்ததை அறிந்த பின், தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்தும் என்றே நமக்குத் தோன்றிற்று.

கர்ஜத்தைக் கடந்து, வண்டி கோபோலியில் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. எதிரே சுவர் போல் எழுந்து நின்றது மலை. மழைக் காலமாதலால் அதன் மேனியெங்கும் வெள்ளை நூல்கள் தொங்கினாற்போல் அருவிகள். 1856-இல் இருப்புப்பாதை வந்து நின்ற இடமும் இக்கோபோலியே. 1858-இல் மலைக்கு மேலே கண்டாலாவிலிருந்து புணே வரை மற்றொரு பாதை திறக்கப்பட்டது. கீழே ஒரு ரயில், மேலே ஒரு ரயில், நடுவில் மலை. அன்றைய பயணி கோபோலியில் இறங்கி, பல்லக்கிலோ மட்டக் குதிரையிலோ மாட்டு வண்டியிலோ மலையேறி, கண்டாலாவில் மறுபடியும் ரயிலைப் பிடிக்கவேண்டும். ஐந்தாண்டுக் காலம் இந்நிலை நீடித்தது.

அந்த இடைவெளியை நிரப்பும் வேலை 1856-இன் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. திட்டத்தை வகுத்தவர் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஜேம்ஸ் பெர்க்லி. பாதையின் நீளம் ஏறத்தாழ 16 மைல். ஏறவேண்டிய உயரம் 1,831 அடி. மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடி முன்னே சென்றால் 1 அடி மேலே ஏறவேண்டும். மாட்டு வண்டிக்கு இது பெரிய ஏற்றம் அன்று. இரும்பின் மேல் இரும்பு உருளும் ரயிலுக்கோ, சக்கரம் பிடிப்பின்றி வழுக்கத் தொடங்கும் ஏற்றம் அது. பாறையைக் குடைந்து 25 சுரங்கங்கள் அமைத்தனர். பள்ளத்தாக்குகளின் மேல் கற்பாலங்கள் எழுப்பினர்.

இவற்றை எழுப்பியவர்கள் யார்? 1861-ஆம் ஆண்டில் இம்மலையில் வேலை செய்தோர் தொகை 42,000-ஐத் தாண்டிற்று. ஆடவர், பெண்டிர், சிறார் எனக் குடும்பம் குடும்பமாக வந்து, மலைச்சரிவில் குடிசை போட்டுத் தங்கினர். செங்குத்தான பாறை முகங்களில் நிற்க இடமின்றி, உச்சியிலிருந்து விட்ட கயிற்றில் தொங்கியவாறு வெடிமருந்துக்குத் துளையிட்டனர். ஆண்டுதோறும் மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்ததும் மறுபடி ஆள் திரட்டவேண்டும். வெடியிலும் சரிவிலும் மாண்டவர் பலர். வாந்திபேதி என்னும் கொள்ளைநோய்க்கு இரையானவர் அதனினும் பலர். மாண்டோர் ஆயிரக்கணக்கினர் என்பது வரலாற்றாசிரியர் துணிபு.

கூலியும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. ஒப்பந்தக்காரருக்குக் கீழ் உள்-ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழ் மேஸ்திரி. ஒவ்வொரு கையையும் கடந்து வருவதற்குள் பணம் கரைந்தது, நாளும் கடந்தது. 1859-இன் தொடக்கத்தில் தொழிலாளர் கொதித்தெழுந்து ஐரோப்பிய மேற்பார்வையாளரைத் தாக்கினர். அவ்வாண்டிலேயே முதல் ஒப்பந்தக்காரரான ஃபேவியல் வேலையைக் கைவிட்டார். 1860-இல், இருப்புப்பாதை முதலிய பொது வேலைகளில் தொழிலாளருக்கும் முதலாளிக்கும் எழும் சச்சரவுகளை விரைந்து தீர்ப்பதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பது நமக்கு அன்றாடத் தொழில். 'தொழிலாளி' என்றும், 'ஊதியம்' என்றும், 'சச்சரவு' என்றும் நாள்தோறும் எழுதுகிறோம். எழுதும் கை அச்சொற்களின் எடையை உணர்வதில்லை. கோபோலி நிலையத்தில் மலையை அண்ணாந்து பார்த்தபோதுதான், அத்தகைய சொற்கள் சட்டத்துக்குள் வருவதற்கு எத்தனை பேர் பட்டினி கிடந்திருக்கவேண்டும் என்று எண்ணினோம்.

ஃபேவியலுக்குப் பின் சாலமன் டிரெட்வெல் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து ஒப்பந்தத்தை ஏற்றார். வந்த சில வாரங்களுக்குள் நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஊர் திரும்பவில்லை. கணவர் ஏற்ற ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, தேர்ந்த எஞ்சினியர்களை அமர்த்தி, வேலையை நடத்தி முடித்தார். திட்டம் வகுத்த பெர்க்லியோ, 1862-இல் தம் நாட்டில் காலமானார். பாதை திறந்ததைக் காணும் பேறு அவருக்கு இல்லை. 1863 ஏப்ரல் 21-ஆம் நாள் பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் அதனைத் திறந்து வைத்தார்.

கோபோலியிலிருந்து கர்ஜத்துக்குத் திரும்பி, புணே செல்லும் விரைவு வண்டி ஒன்றில் பொதுப் பெட்டியில் இடம் பிடித்தோம். நடைமேடையில் வடை விற்பவர் குரல் எழுப்பிக்கொண்டிருந்தனர். அப்போது பின்புறத்திலிருந்து அதே இடி! சன்னலுக்கு வெளியே தலை நீட்டிப் பார்த்தோம். வண்டியின் வாலில் துணை எஞ்சின்கள் வந்து கோத்துக்கொண்டிருந்தன. முன்னே ஒன்று இழுக்க, பின்னே இவை தள்ள, வண்டி மலையேறவேண்டும். ஏற்றத்தில் கொக்கி எதுவும் அறுந்துவிட்டால் பெட்டிகள் பின்னோக்கி உருளாதபடி தாங்குவதும் இவற்றின் கடமை. இத்தனை ஆண்டுகளாக, "ஒன்றுமில்லை, தூங்கு" என்று நாம் சொல்லி வந்தது இதைத்தான்.

வண்டி மெல்ல ஏறிற்று. பலஸ்தரி, டாக்குர்வாடி, மங்கி ஹில் என்று ஒவ்வொன்றாகக் கடந்தன. சுரங்கத்துக்குள் புகுந்ததும் பெட்டியில் இருந்த சிறுவர் கூவினர். வெளியே வந்ததும் சாரல் முகத்தில் அடித்தது. எதிரில் அமர்ந்திருந்த முதியவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். நம் ஆர்வத்தைக் கண்டு இந்தியில் பேச்சுக் கொடுத்தார். "சாஹேப், இந்த மலையை நம்பக் கூடாது. மழைக் காலத்தில் இரவெல்லாம் எங்கள் ஆட்கள் விளக்கைக் கையில் ஏந்திப் பாதை நெடுக நடப்பார்கள். கல் சரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வண்டியில் இருப்பவர்கள் தூங்குவார்கள். தூங்கட்டும் என்றுதானே நாங்கள் நடந்தோம்" என்றார்.

அவர் கூறியது வரலாற்றுக்கும் ஒத்ததே. பாதை திறந்து ஐந்தாண்டுகள் ஆவதற்குள், 1867 ஜூலையில், இம்மலையிலிருந்த பெரிய கற்பாலம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. கட்டி முடித்ததோடு தீர்ந்துவிடும் வேலை அன்று இது. காத்து நிற்பதும் சேர்ந்ததே வேலை.

கண்டாலாவை அணுகும்போது பழைய திருப்பு நிலையம் இருந்த முகட்டை முதியவர் சுட்டிக் காட்டினார். அவ்விடத்தில் வளைந்து திரும்ப மலை இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஏறி வந்த வண்டி ஒரு முட்டுச் சந்தில் போய் நிற்கும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவர். வால் தலையாகி வண்டி எதிர்த் திசையில் மேலே ஏறும். ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் இம்முறை நடந்தது. 1920-களின் இறுதியில் புதிய சுரங்கங்களுடன் பாதை திருத்தப்பட்டு, மின்சாரமும் வந்தபோது அது நீங்கிற்று. 1930 ஜூன் முதல் நாள் ஓடத் தொடங்கிய டெக்கான் குவீன் வண்டி இப்புதிய பாதையின் குழந்தை.

லோணாவளாவில் இறங்கினோம். துணை எஞ்சின்களின் வேலை முடிந்தது. நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு உறவினரான 'சிக்கி' வாங்கிக்கொண்டு, மரத்தடியில் அமர்ந்து இதுவரை கண்டதை எண்ணினோம்.

இம்மலைப் பாதைக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பழையது. சென்னையிலும் 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து வடமேற்கே வளர்ந்த மதராஸ் ரயில்வேயும், இம்மலை ஏறிச் சோலாப்பூர் கடந்து தென்கிழக்கே வளர்ந்த பம்பாய்க் கம்பெனியின் பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் கைகோத்தன. அன்று முதல் சென்னைக்கும் பம்பாய்க்கும் இருப்புப்பாதை ஒன்றாயிற்று. தாராவியின் தோல் பதனிடும் சாலைகளுக்கும், மாட்டுங்காவின் வீடுகளுக்கும், கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கும் தமிழர் பலர் வந்தது அவ்வழியேதான். பருத்தியை இறக்குவதற்கென்று கம்பெனி கட்டிய பாதையில் நம் முன்னோர் தகரப் பெட்டியுடன் இறங்கி வந்தனர். அவர்களுக்கு முன்பே, வேறு மொழி பேசிய ஏழை மக்கள், அவர்களைப் போலவே கூலிக்கு வந்து, அம்மலையில் தங்கள் உயிரை விட்டிருந்தனர். ஆளுநர் பெயரும் எஞ்சினியர் பெயரும் நூல்களில் உள்ளன. கயிற்றில் தொங்கியவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர் இலர்.

மாலை மங்கும் வேளையில் திரும்பும் வண்டி ஏறினோம். இறக்கத்தின் தொடக்கத்தில் வண்டி நின்றது. தடைகளைச் சோதித்த பின்பே நகர்ந்தது. தடை தவறி ஓடிவரும் வண்டியை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் மேல்நோக்கிச் செல்லும் காப்புப் பாதை ஒன்றும் உண்டு என முதியவர் கூறியிருந்தார். இருளில், சுரங்க வாயில் ஒன்றின் அருகே, ஒரு விளக்கு ஒதுங்கி நின்று நம் வண்டிக்கு வழிவிட்டது. ஏந்தி நின்றவர் முகம் தெரியவில்லை.

நேயர்களே, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது நள்ளிரவில் அவ்விடி கேட்டுப் பிள்ளை விழித்தால், "ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டா. "மலை ஏறப் போகிறோம், பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்" என்று சொல்வோம். இயலுமாயின், பகலில் ஒரு முறை அப்பிள்ளையைச் சன்னலோரம் அமர்த்தி, அம்மலையைக் காட்டுவோம்.