டேபிள் சொல்லாத கணக்கு: சென்னையினும் பிளேஆஃபும்

போன எபிசோடுல சென்னையின் எஃப்சி பற்றி ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். வந்த பதில்கள்ல பாதி ஒரே ரகம்: "லக்குல ரெண்டு கப் அடிச்ச டீம் ப்ரோ, அதையெல்லாம் பிளேஆஃப் கணக்குல சேர்க்காதே." சிலர், "தஞ்சாவூர்க்காரன் உனக்கு எதுக்குடா மெட்ராஸ் டீம்?"னு கேட்டிருந்தாங்க. அதுக்குப் பதில் சுலபம். ஐ.எஸ்.எல்.லில் தமிழ்நாட்டுக்கே இருக்கிறது இந்த ஒரு டீம்தான். (பேரே வேற்றுமை உருபோட பாதியில நிக்குது. சென்னையின்... என்ன?) லக்குங்கிற குற்றச்சாட்டுக்குத்தான் இந்த எபிசோடு.

2014, முதல் சீசன். லீக் சுற்றுல 14 போட்டி, 23 பாயிண்ட், டேபிளில் முதலிடம் நம்ம டீம். செமியில் எதிரே நாலாவதா வந்த கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் 3-0 தோல்வி. சென்னையில் அந்த மூணையும் திருப்பி அடிச்சாங்க. ஆனா எக்ஸ்ட்ரா டைம் முடியப் போற நேரத்துல ஒரு கோல் வாங்கி வெளியே போனாங்க. டேபிள் டாப்பர்ங்கிற பட்டத்துக்கு பிளேஆஃபில் என்ன மதிப்புன்னு முதல்ல அனுபவிச்சதே நாமதான்.

அடுத்த வருஷம் கதை தலைகீழ். மார்கோ மத்தேராத்சி கோச். முதல் 10 போட்டியில் 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. அதோட கதை முடிஞ்சதுன்னுதான் பேச்சு. கடைசி நாலையும் ஜெயிச்சு 22 பாயிண்டோட மூணாவதா உள்ளே வந்தாங்க. இங்கதான் "லக்" பேச்சு ஆரம்பிக்குது. ஆனா லீக் முடிஞ்சப்போ கோல் கணக்கைப் பாருங்க. சென்னையின் அடிச்சது 25, வாங்கினது 15. பிளஸ் 10. முதலிடத்துல இருந்த கோவாவுக்கு பிளஸ் 9, ரெண்டாவதா இருந்த கொல்கத்தாவுக்கும் பிளஸ் 9. அதாவது கோல் வித்தியாசத்தில் லீகிலேயே பெஸ்ட் டீம் மூணாவது இடத்துல உட்கார்ந்திருந்தது. வேலையில நான் தினமும் லாக் பார்க்கிறவன். டாஷ்போர்டு சிவப்பா இருக்குன்னு சர்வர் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை.

அந்த டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல கிடந்தது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய செமி புனேவுக்குப் போச்சு. அங்கே நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை 3-0. டிசம்பர் 20, கோவாவின் ஃபத்தோர்தா மைதானத்தில், கோவாவுக்கு எதிராகவே பைனல். 87-வது நிமிஷம் 2-1 பின்தங்கியாச்சு. 90-வது நிமிஷத்துல கோவா கீப்பர் கட்டிமணியே பந்தை உள்ளே தள்ளிட்டார். சரி, அதை மட்டும் லக்குன்னு எடுத்துக்கோங்க. அதுக்கப்புறம் மெண்டோசா அடிச்ச வெற்றி கோல் லக் இல்லை. அந்த சீசன்ல அது அவரோட 13-வது கோல்.

2018 கப்பை சீக்கிரம் கடந்துடறேன்: 40 பாயிண்ட் எடுத்த பெங்களூருவை அவங்க ஊர்லயே 3-2. நாம எடுத்திருந்தது 32. அடுத்த சீசனே கடைசி இடம், 18 போட்டியில் 9 பாயிண்ட். இதை மறைச்சிட்டு வக்காலத்து வாங்க மாட்டேன்.

எனக்குப் பிடிச்ச கேஸ் 2019-20. முதல் நாலு போட்டியில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு போட்டி முடிஞ்சப்போ 5 பாயிண்ட், கோச் ஜான் கிரிகரி விலகினார். அதே வருஷம் மேட்டூர் அணையும் லேட். ஜூன் 12 திறக்க வேண்டியது, ஆகஸ்ட் 13-லதான் திறந்தாங்க. எங்க பக்கம் ஆடியில காஞ்சு கிடக்கிற வயலைப் பார்த்து, தையில எத்தனை மூட்டைன்னு யாரும் முடிவு கட்ட மாட்டாங்க. தண்ணி வந்த பிறகு சம்பா எப்படி நிக்குதுன்னுதான் பார்ப்பாங்க. அந்தக் கணக்கைத்தான் இங்கயும் போட்டேன். டிசம்பர்ல ஓவன் காயில் வந்தார். மீதி 12 போட்டியில் 24 பாயிண்ட், போட்டிக்கு 2. அந்த சீசன்ல முதலிடம் பிடிச்ச கோவாவோட சராசரியே 2.17 தான்! மொத்த டேபிளில் சென்னையின் நாலாவது, 29 பாயிண்ட். செமியில் அதே கோவாவை சென்னையில் 4-1, அங்கே போய் 4-2 தோத்தும் மொத்தத்துல 6-5. வால்ஸ்கிஸ் அந்த சீசன்ல 15 கோல். பைனல்ல மட்டும் கொல்கத்தாகிட்ட 3-1 தோல்வி. மார்ச் 14, கொரோனா வந்ததால ஸ்டேடியத்துல ரசிகர்களே இல்லை.

அதனால என் வாதம் இவ்வளவுதான்: சென்னையின் பிளேஆஃபுக்கு வந்தா எத்தனாவது இடம்னு பார்க்காதீங்க, கடைசி பத்துப் பன்னிரண்டு போட்டியை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. 2023-24-ல ஆறாவதா உள்ளே போய் முதல் நாக்அவுட்லயே 2-1 தோத்தாங்களேன்னு கேட்பீங்க. ஆமா, தோத்தாங்க. எங்கன்னு பாருங்க. திரும்பவும் ஃபத்தோர்தா, திரும்பவும் கோவா. 2015 பைனல், 2020 பைனல், 2024 நாக்அவுட் மூணும் அதே மைதானம். அடுத்த தடவை எந்த இடத்துல முடிச்சாலும் எனக்குக் கவலை இல்லை. மேட்ச் மட்டும் வேற ஊர்ல இருக்கட்டும்.